வீடில்லாத பெண்ணை அழைத்த வீடு

ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ படத்தில் பேய் வரவே வராது. 1963இல் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரு பெரிய மாளிகைக்குள் நான்கு பேரோடு நாமும் அடைபட்டுக் கிடக்கிறோம். ஓர் உருவத்தைக்கூடக் கண்ணில் காட்டாமல் படம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் நான் பார்த்த பேய்ப் படங்களில் இந்த அளவுக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை. பயம் அதற்குச் சிறிய காரணம். படத்தின் நடுவில் நிற்கும் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் பெரிய காரணம்.

இந்தப் படத்தை ஆடி மாதத்தில் பார்ப்பது என் வழக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் பருவக்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் என்று எங்கள் பக்கத்து ஊர்களை எல்லாம் உலுக்கி எடுக்கும் மாதம் அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி அல்ல. காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றும். பனைமரங்களில் காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ காட்டுக்குள் நடந்து வருவதைப் போலச் சத்தம் எழுப்பும். பழைய ஓட்டு வீடுகளில் ஓடு தடதடக்கும். ஆளில்லாத அறையின் கதவு தானாக அறையும். யாரும் எழுந்து போய்ப் பார்க்கமாட்டார்கள். காற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தனை சத்தங்களில் ஒன்று மட்டும் காற்றினால் வந்ததில்லை என்று தோன்றிவிட்டால் என்ன ஆகும்? வைஸ் கையில் எடுத்தது அந்த ஒரே ஒரு சத்தத்தைத்தான்.

ஹில் ஹவுஸ் என்பது அந்த மாளிகையின் பெயர். கட்டி 90 ஆண்டுகள் ஆகின்றன. கட்டியவர் ஹியூ கிரெய்ன் என்ற கொடுமனக்காரர். அவருடைய முதல் மனைவி அந்த வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, வாசலுக்கு வரும் பாதையில் குதிரை வண்டி மரத்தில் மோதி இறந்துபோகிறாள். இரண்டாம் மனைவி மாடிப்படியில் விழுந்து சாகிறாள். மகள் அபிகெய்ல் குழந்தையாக இருந்தபோது படுத்த அறையிலேயே வளர்ந்து, அதே அறையிலேயே முதிர்ந்து, நடமாட முடியாத கிழவியாகிறாள். இதைக் காட்டுவதற்கு வைஸ் எடுத்துக்கொள்வது சில விநாடிகள்தான். தலையணையில் கிடக்கும் ஒரு சிறுமியின் முகம் நம் கண்முன்னே வாலிப முகமாகி, நடுத்தர வயதாகி, சுருக்கம் விழுந்து கிழவி முகமாகிறது. ஒரு வாழ்க்கை முழுவதும் அந்தத் தலையணையை விட்டு நகரவே இல்லை.

ஓர் இரவு அந்தக் கிழவி கைத்தடியால் சுவரைத் தட்டுகிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு அமர்த்திய பெண் அப்போது வராந்தாவில் ஓர் ஆணோடு இருக்கிறாள். தட்டியும் ஆள் வரவில்லை. கிழவி இறந்துபோகிறாள். வீடு அந்தப் பணிப்பெண்ணுக்கே வந்து சேர்கிறது. சில காலம் கழித்து அவளும் நூலக அறையின் சுருள் படிக்கட்டின் உச்சியில் தூக்கு மாட்டிக்கொள்கிறாள்.

இதெல்லாம் படத்தின் முதல் சில நிமிடங்கள். ஒரு கிழவி, ஒரு கைத்தடி, ஒரு சுவர், வராமல் போன ஒரு பெண். மீதிப் படம் முழுவதும் இந்த நான்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பிறகு டாக்டர் மார்க்வே வருகிறார். அமானுஷ்யத்தை அறிவியல் முறையில் ஆராய விரும்புகிறவர். அப்படிப்பட்ட அனுபவம் உள்ள பலரை அவர் அழைக்கிறார். வந்து சேர்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தியோடரா, அடுத்தவர் மனத்தில் ஓடுவதைப் படித்துவிடும் திறமை உள்ளவள், அழகி, நாக்கு கூர்மை. இன்னொருத்தி எலினோர். அவள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டுக் கூரைமேல் கல்மழை பொழிந்ததாக ஒரு பழைய பதிவு இருக்கிறது. இந்த வீட்டைப் பரம்பரையாகப் பெறப்போகும் லூக் என்ற இளைஞன் நான்காவது ஆள். அவனுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, வீட்டை நல்ல விலைக்கு விற்பதில்தான் அக்கறை.

வைஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்கும் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’குக்கும் நடுவில் அவர் எடுத்த படம் இது. முன்னது 1961, பின்னது 1965. இரண்டும் வண்ணம், இரண்டும் ஆட்டமும் பாட்டும். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் எதற்கு என்று கேட்டால் அவருடைய ஆரம்ப காலத்துக்குப் போக வேண்டும். ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு எடிட்டராக இருந்தவர் அவர். இயக்குநராக அவர் கண் திறந்தது ஆர்.கே.ஓ. நிறுவனத்தில், வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம். கையில் காசு குறைவாக இருந்த லூட்டன், 1940களில் எடுத்த சிறிய திகில் படங்களில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். மிருகத்தைக் காட்டாதே, மிருகம் நிற்கக்கூடிய இருட்டைக் காட்டு. மற்றதைப் பார்க்கிறவர்களே செய்துகொள்வார்கள். 20 ஆண்டுகள் கழித்து, பெரிய இயக்குநராகிவிட்ட பிறகு, வைஸ் அந்தப் பாடத்துக்குத் திரும்பி வந்தார். இந்த முறை அதை வெளிச்சத்தில் செய்து காட்டினார்.

ஆம், வெளிச்சத்தில். ஹில் ஹவுஸின் உட்புறம் இருண்ட குகை அல்ல. விளக்குகள் எரிகின்றன, தட்டுமுட்டுச் சாமான்கள் பளபளக்கின்றன, சுவரெல்லாம் வேலைப்பாடு. போரம்வுட் ஸ்டூடியோவில் எலியட் ஸ்காட் அமைத்த அந்த அறைகளுக்குக் கூரையும் உண்டு. மேலே திறந்து விட்டு விளக்குகளைத் தொங்கவிடும் வழக்கமான செட் அல்ல. கேமரா தாழ்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது கூரை நம் தலைமேல் அழுத்துகிறது. கிரெய்ன் கட்டிய வீட்டில் ஒரு மூலைகூடச் சதுரமாக இல்லை என்று டாக்டர் விளக்குகிறார். எல்லாக் கோணங்களும் சற்றே பிசகியிருப்பதால்தான் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன என்கிறார். மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் கட்டிய வீடு குடியிருப்பவர்களை நிம்மதியாக இருக்கவிடாது என்று எங்கள் ஊர்க் கொத்தனார்களும் சொல்வார்கள். அதையே ஓர் ஆராய்ச்சியாளர் வாயால் கேட்கும்போது எனக்கு நெருக்கமாக இருந்தது.

அந்தக் கோணலைக் காட்ட வைஸ் லென்சையே கோணலாகத் தேடினார். பானாவிஷன் நிறுவனம் அப்போது 30 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அது இன்னும் முழுமையாகவில்லை, படத்தின் ஓரங்கள் வளைந்து தெரியும் என்று தயங்கினார்கள். எனக்கு அந்தக் குறைதான் வேண்டும் என்றார் வைஸ். குறை இருப்பது தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே லென்ஸ் கைக்கு வந்தது. படத்தில் நீண்ட நடைபாதைகளின் சுவர்கள் லேசாகப் பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

வெளிப்புறத்துக்கு இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியில் உள்ள எட்டிங்டன் பார்க் என்ற உண்மையான மாளிகை. அது பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது, அதுதான் சிக்கல். ஒளிப்பதிவாளர் டேவிஸ் பௌல்டன் அதை அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவுசெய்யும் பிலிமில் எடுத்தார். பகல் வானம் கறுத்துவிடுகிறது, கல்லின் ஒவ்வொரு வரியும் புடைத்துக்கொண்டு வருகிறது. வெயிலில் நிற்கும் ஒரு கட்டடம் தன் வெயிலை இழந்துவிட்டதைப் போல் இருக்கிறது. இந்தப் படம் வண்ணத்தில் வந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

முதல் இரவு. எலினோர் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எங்கோ தூரத்தில் ஒரு தட்டல். பிறகு இன்னொன்று. கனமான, அவசரமில்லாத தட்டல். அவள் கண்ணைத் திறக்காமலே, வருகிறேன் அம்மா, இதோ வருகிறேன் என்கிறாள். பிறகுதான் விழிக்கிறாள். அவள் அம்மா இறந்து அதிக நாள் ஆகவில்லை. பக்கத்து அறையில் தியோ பயந்து கூப்பிடுகிறாள். இருவரும் கட்டிலில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தச் சத்தம் நடைபாதையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறது. இவர்கள் கதவுக்கு முன் வந்து நிற்கிறது. கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. கேமரா கதவை விட்டு நகர்வதில்லை. கதவின் மேல் ஓரத்தை, கீழ் ஓரத்தை, பூட்டை என்று அணு அணுவாகத் தேடுகிறது, நாமும் தேடுகிறோம். அந்தச் சத்தங்களை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்து, படப்பிடிப்பின்போது செட்டில் சத்தமாக ஒலிக்கவிட்டார் வைஸ். அந்த நடிகைகள் ஒலியே இல்லாத அறையில் பயந்ததுபோல் நடிக்கவில்லை. சுவர் அதிர்வதை அவர்கள் நிஜமாகவே கேட்டார்கள்.

இன்னொரு காட்சியில் நால்வரும் கூடத்தில் இருக்கும்போது பெரிய மரக்கதவு உள்பக்கமாக உப்புகிறது. மூச்சை இழுத்து விடுவதுபோல் புடைத்து அடங்குகிறது. ஒட்டுப்பலகையில் செய்த கதவு, வெளியே நின்று ஒரு கட்டையால் அழுத்திய பலசாலியான ஓர் ஆள், வேறொன்றும் இல்லை. இது தெரிந்த பிறகும் அந்தக் கதவு புடைக்கும்போது நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கையைப் பிடித்திருக்கும் காட்சியைப் பற்றி உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். இருட்டில் யாரோ முணுமுணுக்கும் ஆண் குரல், ஒரு குழந்தையின் அழுகை. தியோவின் கையை எலினோர் பற்றிக்கொண்டிருக்கிறாள். பிடி இறுகுகிறது, எலும்பு நொறுங்கும்படி இறுகுகிறது. விளக்கு எரிந்ததும் பார்த்தால் தியோ அறையின் மறுபக்கத்தில் படுத்திருக்கிறாள். அப்படியானால் நான் பிடித்திருந்தது யாருடைய கை என்று எலினோர் கேட்கிறாள். இந்தக் காட்சியின் அதிர்ச்சியைவிட அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் என்னை உறுத்துகிறது. குழந்தை அழும் குரல் கேட்டதும் எலினோரின் முகத்தில் பயத்தோடு கோபமும் வருகிறது. குழந்தையை வதைப்பதை நான் பொறுக்கமாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவள், உருவமில்லாத ஒரு குழந்தைக்காகச் சண்டைக்கு எழுகிறாள். வாழ்நாளெல்லாம் பிறரைப் பார்த்துக்கொண்டவர்களின் குணம் அது.

ஏனென்றால் எலினோர் தன் இளமை முழுவதையும் நோயாளியான அம்மாவின் கட்டிலுக்கு அருகில் கழித்தவள். அம்மா சுவரைத் தட்டுவார், இவள் மருந்தோடு ஓடுவாள். அம்மா இறந்த இரவிலும் சுவரைத் தட்டினார். அன்று மட்டும் எலினோர் போகவில்லை. அயர்ந்து தூங்கிவிட்டாளா, இல்லை, கேட்டும் கேளாமல் கிடந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. ஹில் ஹவுஸ் அவளை வரவேற்பது அதே தட்டலால்.

என் அத்தையைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவின் அக்கா. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் ஒரு தொட்டிக்கட்டு வீடு இருந்தது. நடுவில் வானம் பார்த்த தொட்டி வாசல், சுற்றிலும் ஆசாரம், நாட்டு ஓடு, மழைநீர் நான்கு பக்கமும் வாசலில் வந்து விழும். வடக்குப் பக்கத்து அறையில் ஆத்தா, அதாவது அத்தையின் அம்மா, படுக்கையில் கிடந்தார். அடுத்த அறையில் அத்தை. இருவருக்கும் நடுவில் சுண்ணாம்புக் காரைச் சுவர். ஆத்தாவின் தலைமாட்டில் இரும்புப் பூண் போட்ட தடி சாய்ந்திருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தடியின் பூண் பட்டுப் பட்டு அந்த இடத்தில் காரை பெயர்ந்து, ஒரு கொட்டாங்குச்சி கொள்ளும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்பார்கள். குழிக்குள்ளும் வெள்ளையடிப்பார்கள். மறுநாளே அதன் நடுவில் செங்கல் சிவப்பு மறுபடியும் தெரியும்.

அத்தைக்குத் திருமணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்தார்கள், ஆத்தாவின் உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது, அத்தை இருந்தார். ஆத்தா போன பிறகும் பல மாதங்கள் அத்தை நடுநிசியில் எழுந்து வடக்கு அறைக்குப் போய் நின்றுவிட்டு வருவார் என்று அம்மா சொல்வார். ஊரில் அதைக் காற்று கருப்பு என்றார்கள். கருப்பராயன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள், திருநீறு போட்டார்கள். இத்தனை வருடம் ஒரே சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு, சத்தம் நின்ற பிறகும் எழத்தானே செய்யும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு ஆடி இரவு இந்தப் படத்தை அத்தையோடு சேர்ந்து பார்த்தேன். ஆங்கிலம் தெரியாது, நான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு புடைத்தபோது அவர் அசையவில்லை. சுருள் படிக்கட்டில் எலினோர் ஏறியபோது, பார்த்து ஏறு பிள்ளை என்று மட்டும் சொன்னார். அந்தப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியின் மேலேயே கேமராவை ஓட்டி எடுத்த காட்சி அது, பார்க்கிற எவருக்கும் கால் கூசும். அம்மா இறந்த இரவைப் பற்றி எலினோர் பேசும் இடம் வந்தது. அவள் எழுந்து போகவில்லை, அதனால்தான் அம்மா செத்துவிட்டதாக நினைத்து மருகுகிறாள் என்று நான் விளக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டாமா, கண்ணு?” என்றார்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் எலினோரின் மனநிலையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு நான் படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இது சொத்தின் கதையாகத் தெரியத் தொடங்கியது. முதல் காட்சிகளில் எலினோர் அக்கா குடும்பத்தோடு கார் கேட்டு மன்றாடுகிறாள். அந்தக் காரின் விலையில் பாதி அவள் கொடுத்தது. இருந்தும் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கிடைப்பதில்லை. அவள் தூங்குவது அக்கா வீட்டுக் கூடத்து சோபாவில். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவளுக்கு ஓர் அறைகூட இல்லை. கடைசியில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஹில் ஹவுஸில் தியோவிடம், எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, அதில் சின்னக் கல்சிங்கங்கள் வைத்திருக்கிறேன் என்று அளக்கிறாள். பிறகு அது பொய் என்று ஒப்புக்கொள்கிறாள். இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு நாள் காலையில் அந்த மாளிகையின் சுவரில் பெரிய எழுத்துகளில் செய்தி காத்திருக்கிறது: எலினோர் வீடு வந்து சேர உதவுங்கள். எல்லோரும் நடுங்குகிறார்கள். எலினோரும் நடுங்குகிறாள். ஆனால் இவ்வளவு பெரிய வீடு தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்ற எண்ணம் அந்த நடுக்கத்துக்கு அடியில் துளிர்ப்பதை எலினோராக நடித்த ஜூலி ஹாரிஸின் முகத்தில் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலும் பாகம் பிரித்தார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. நாட்டின் பல பகுதிகளுக்கு அந்த உரிமை 2005இல்தான் வந்தது. எங்கள் பாகப்பிரிவினை 1989க்கு முன்பே முடிந்துவிட்டது. கிணறு யாருக்கு, தென்னந்தோப்பு யாருக்கு, மாட்டுச்சாளை யாருக்கு என்று எழுதிய பத்திரத்தில் அத்தைக்கு ஜீவனாம்சமாகக் கொஞ்சம் தொகையும், அண்ணன் தம்பிகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற ஒரு வரியும் இருந்தன. தகரப் பெட்டியோடு அவர் ஒவ்வொரு வீடாக இருந்தார். இப்போது திருப்பூரில் எங்களோடு இருக்கிறார். அவருக்கென்று அறை இருக்கிறது, உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கிறது. வடக்கு அறை இருந்த வீட்டை இடித்து ஓட்டையும் உத்திரத்தையும் விற்றுவிட்டார்கள்.

நம் ஊர்க் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களும் சொத்தையும் வாசலையும் சுற்றித்தான் வந்திருக்கின்றன. அதே 1963இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ வந்தது. வின்சென்ட்டின் கேமராவில் பாழடைந்த ஜமீன் மாளிகை, சுசீலாவின் குரல், நூறு வயது கடந்த கிழவராக நம்பியார். மகன் விரும்பிய ஏழைப் பெண் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்துவிடக் கூடாது என்பதற்காக அவளைக் கொன்ற ஜமீன்தார் அவர். 1966இல் வந்த ‘யார் நீ?’ படத்தில் வெள்ளைச் சேலையும் பாட்டும் பனியும் எல்லாம் உண்டு. கடைசியில் அது சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்று முடிச்சு அவிழ்கிறது. முடிச்சை அவிழ்த்துவிட்டால் பார்க்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வைஸ் அவிழ்க்கவில்லை. ஹில் ஹவுஸில் பேய் உண்மையிலேயே இருக்கிறதா, எலினோரின் மனம்தான் சுவரைத் தட்டுகிறதா என்பதற்கு இரண்டு பதிலுக்கும் படத்தில் இடம் இருக்கிறது.

அந்த இரட்டைத் தன்மைக்கு ஒரு பின்கதை உண்டு. ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலைத் திரைக்கதையாக்கிய நெல்சன் கிடிங், முதலில் இதை முழுக்க முழுக்க மனம் உடைந்த ஒரு பெண்ணின் கதையாகவே படித்தார். மாளிகை என்பது உண்மையில் மருத்துவமனை, டாக்டர் மார்க்வே என்பவர் அவளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் என்று யோசித்திருந்தார். வைஸும் அவரும் ஜாக்சனையே நேரில் போய்ப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நான் எழுதியது அமானுஷ்யத்தைப் பற்றித்தான் என்றார் ஜாக்சன். கிடிங் திருத்தி எழுதினார், ஆனால் பழைய எண்ணத்தின் சாயல் முழுவதும் போகவில்லை. அது போகாததுதான் படத்தின் நல்ல காலம்.

ஜூலி ஹாரிஸ் அந்தப் படப்பிடிப்பின்போது மனச்சோர்வில் இருந்தார். மற்ற நடிகர்களோடு அதிகம் பேசாமல் தனியாக ஒதுங்கியே இருந்தார். தன்மீது ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று தியோவாக நடித்த கிளேர் புளூம் நினைத்துக்கொண்டிருந்தார். படம் முடிந்த பிறகு ஹாரிஸ் ஒரு பரிசோடு அவர் வீட்டுக்கு வந்து, எலினோராக இருப்பதற்கு எனக்கு அந்தத் தனிமை தேவைப்பட்டது என்று விளக்கினார். திரையில் அது தெரிகிறது. மற்ற மூவரும் சிரித்துப் பேசும் காட்சிகளில்கூட ஹாரிஸ் அரை விநாடி தாமதமாகச் சிரிக்கிறார், சிரிக்க அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பவரைப் போல. இந்த வேடத்தை வேறு யாராலும் இப்படிச் செய்திருக்க முடியாது.

1999இல் இதே கதையை மறுபடியும் எடுத்தார்கள். வண்ணம், கணினி வேலைப்பாடு, சுவரிலிருந்து எழும் முகங்கள் என்று எல்லாவற்றையும் காட்டினார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

எனக்குத் தீராத வருத்தம் முடிவில்தான். எலினோரின் நிலை மோசமாகிவிட்டது என்று டாக்டர் மார்க்வே அவளை வீட்டுக்குப் போகச் சொல்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். எந்த வீட்டுக்கு? அக்கா வீட்டிலிருந்து காரைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்தவள். அந்த சோபாவும் இனி அவளுக்கு இல்லை. கல்சிங்கம் பொய் என்று தியோவுக்குத் தெரியும். அவளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்துகிறார்கள். எலினோர் கெஞ்சுகிறாள். வண்டி கிளம்புகிறது, ஸ்டியரிங் அவள் கையை மீறித் திரும்புகிறது, ஒரு வெள்ளை உருவம் குறுக்கே ஓடுகிறது. அது பேய் அல்ல, டாக்டரின் மனைவி, இடையில் அங்கே வந்து வீட்டுக்குள் தொலைந்துபோயிருந்தவள். கிரெய்னின் முதல் மனைவியைக் கொன்ற அதே மரத்தில் கார் மோதுகிறது.

பரிதாபம் என்று மற்றவர்கள் சொல்லும்போது தியோ மறுக்கிறாள். அவளுக்குப் போவதற்கு வேறு இடமில்லை, இங்கே இருக்கத்தான் விரும்பினாள், இப்போது இந்த வீடு அவளுக்கும் சொந்தம், ஒருவேளை மகிழ்ச்சியாகக்கூட இருப்பாள் என்கிறாள். லூக்கோ வீட்டைக் கொளுத்தி நிலத்தில் உப்பை விதைக்க வேண்டும் என்கிறான். நான் லூக்கின் பக்கம். போவதற்கு இடமில்லை என்பதை தியோ இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள் என்றால், அது அவளுக்கு ஐந்து நிமிடம் முன்பும் தெரிந்துதான் இருந்தது. அப்போது ஏன் சொல்லவில்லை? தனக்கென்று வீடு வைத்திருப்பவள் அந்த நால்வரில் அவள். ஜாக்சனின் நாவலில் எலினோர் வாய்விட்டே கேட்கிறாள்: உன்னோடு வந்து இருக்கட்டுமா என்று. தியோ முடியாது என்கிறாள். படத்திலும் அந்தக் கேள்வியை வைஸ் விட்டுவைத்திருந்தால், யார் யார் அவளுக்குக் கதவைத் திறந்திருக்கலாம், யார் திறக்கவில்லை என்று பார்க்கிறவர்களுக்கு வெட்டவெளிச்சமாகியிருக்கும். நான் இந்தப் படத்தில் குறை என்று சொல்வது இந்த ஒன்றைத்தான்.